பச்சைக்குக் கீழே ஒரு விரல் அகலம்

இலங்கை மலையகத்திலிருந்து உங்கள் ஊர்க் கொடி போன வாரம் பார்சலில் வந்தது. பிளாஸ்டிக் உறையை வெட்டியதும் ஈர வாசனை மேசை முழுக்கப் பரவியது. மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் மடித்து வைத்த துணியின் வாசனை. அதோடு கொஞ்சம் விறகுப் புகை. ஷார்ஜாவில் எந்தத் துணியும் அப்படி மணப்பதில்லை. இங்கே கொடிகள் வெயிலில் சாகின்றன. கடற்கரைச் சாலையில் ஏற்றினால் சில மாதங்களில் சிவப்பு வெளுத்து, ஓரம் நார்நாராகி இறங்கி வரும். உங்கள் ஊரில் மழை கொன்றிருக்கிறது. வெள்ளைப் பட்டை முழுக்கப் பூஞ்சைப் புள்ளிகள். பச்சை மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்தவள் நான். நல்ல கெட்டிச் சாயம்.

நகரசபைக்குப் புதிதாகக் கொடிகள் வேண்டுமாம். அதே அளவு, அதே நிறங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழையதை அனுப்பியிருக்கிறார்கள். மடிப்புக்குள் கையால் எழுதிய ஒரு காகிதம் இருந்தது. எழுதியவள் உங்கள் மகள். நகரசபை அலுவலகத்தில் எழுதுநராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறதாம். நலம் விசாரித்துவிட்டு இப்படி எழுதியிருந்தாள்:

"ஆன்ட்டி, கொடி பற்றிய பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். அம்மா சொன்ன பட்டையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நகரசபைதான் அதை வேண்டாம் என்றது என்று அம்மா எப்போதும் சொல்வார். ஆனால் சபைக்கு வந்த வரைபடம் ஒன்றே ஒன்றுதான். அதில் அந்தப் பட்டையே கிடையாது. யார் எடுத்தது என்று உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும், அக்கா. உங்களுக்குத்தான் தெரியாமலே போய்விட்டது.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது எழுதுகிறவர் தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழி என்றுதான் நினைத்து வந்திருக்கிறேன். இப்போதும் அந்த எண்ணம் மாறிவிடவில்லை. ஆனால் உங்கள் மகளுக்குப் பதில் சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த வரிசையை நான் தவறவிட்டேன். பிந்தியாவது இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் அந்தப் பட்டறையில் சேர்ந்தபோது நீங்கள் ஏற்கெனவே தையல் பகுதியின் தலைவி. இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், டயர் கடைகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். ஒரு பக்கம் அச்சு, ஒரு பக்கம் வெட்டு, கடைசியில் உங்கள் எட்டு தையல் இயந்திரங்கள். சாய வேதியியல் படித்துவிட்டு வந்த எனக்கு வடிவமைப்பும் நிறப் பொருத்தமும் பார்க்கிற வேலை. நீங்கள் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அச்சு இயந்திரத்தை ஓட்டும் வங்காளதேசத்துக்காரர் முதல் கணக்கு பார்க்கும் மலையாளி வரை எல்லோருக்கும் நீங்கள் 'அக்கா'. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் மட்டும் என்னை 'மேடம்' என்றீர்கள்.

"மேடம் எல்லாம் வேண்டாமே" என்று முதல் வாரமே சொன்னேன்.

"இங்க எல்லாரையும் பாய் பாய்னுதான் கூப்பிடுறோம். இந்தக் கூரைக்குக் கீழ ஒரு மேடமாச்சும் இருக்கட்டும்" என்றீர்கள், ஊசியில் நூல் கோத்தபடி, நிமிராமல்.

பதினொரு வருடம் அது மாறவில்லை. நாம் ஒருவரையொருவர் 'நீங்க' என்றே சொல்லிக்கொண்டோம். தோளில் கை போட்டுக்கொண்டு போன தோழிகள் இல்லை நாம். பகல் சாப்பாட்டை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். உங்கள் டப்பாவில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருக்கும். என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "எம்.எஸ்.சி. படிச்சும் இந்தக் கொழம்புதானா?" என்பீர்கள்.

என் வேலையில் நீங்கள் அதிகம் கேலி செய்தது நிறங்களுக்கு அர்த்தம் எழுதுவதைத்தான். எந்த அமைப்பு கொடி கேட்டாலும் கூடவே ஒரு விளக்கத் தாளும் கேட்பார்கள். நீலம் நம்பிக்கை. மஞ்சள் அறிவு. வெள்ளை சமாதானம். சிவப்பு தியாகம். உண்மையில் நிறம்தான் முதலில் வரும். யாரோ ஒரு தலைவருக்கோ அவர் மனைவிக்கோ பிடித்திருக்கும். அல்லது குடோனில் அந்தத் துணி மீந்திருக்கும். காரணம் பிறகு வரும். அந்தக் காரணத்தை எழுதுகிறவள் நான். நிறத்துக்குத் தனியாக அர்த்தம் எதுவும் இல்லை, நாம் எழுதி ஒட்டுவதுதான் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் தாள் ஒன்றை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னீர்கள்:

"எல்லா நிறமும் நல்ல குடும்பத்துப் புள்ளைங்களாவே இருக்கே மேடம். ஒரு நிறமாச்சும் பசியோட இருக்காதா?"

அன்று சிரித்தேன்.

உங்கள் ஊர்க் கொடி நம்மிடம் வந்தது ஒரு சங்கத்தின் வழியாக. துபாயில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். நகரசபைக்கென்று ஒரு கொடி செய்து அன்பளிப்பாகக் கொடுக்கப் போவதாகவும், வரைபடத்தைச் சபைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கினால் போதும் என்றும் செயலாளர் வந்து சொன்னார். தேராவில் செல்போன் கடை வைத்திருப்பவர். அவர் சொன்னபடி மூன்று பட்டைகள்: மேலே நீலம், நடுவில் வெள்ளை, கீழே பச்சை. வெள்ளையில் மஞ்சள் சூரியனும் ஒரு மலையும்.

"நீலம் அருவிக்கு. வெள்ளை பனிக்கும் சமாதானத்துக்கும். மஞ்சள் விடியலுக்கு. பச்சைன்னா செழிப்புன்னு போடுங்க மேடம்" என்றார்.

உங்கள் இயந்திரம் நின்றது. "செழிப்பு யாருக்குங்க?" என்று கேட்டீர்கள்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஊருக்குத்தாம்மா."

"ஊருன்னா டவுனா? தோட்டமா?"

"நீங்களும் நம்ம பக்கமா? எந்தத் தோட்டம்?"

நீங்கள் சொன்னீர்கள். "அட, நம்ம ஆளுதான்" என்றார் அவர். அதற்குப் பிறகு அன்று முழுக்க என் முகத்தைப் பார்த்தே பேசினார். நீங்கள் மறுபடி இயந்திரத்தை ஓட்டினீர்கள். அதன் சத்தத்துக்கு மேலே அவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அதை நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில்தான் அந்தப் புகைப்படத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அதுவரை உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்டதில்லை. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர் என்பதுகூட அன்றுதான் தெரிந்தது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க டவுன் ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறீர்கள். நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை, அம்மாவின் துணைக்கு. அட்டைக்குப் படம் எடுத்து முடித்த பிறகு, வீட்டுக்கென்று முழு உருவமாக ஒன்று எடுக்க உங்கள் அம்மா ஆசைப்பட்டிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்திருக்கிறார்.

"அந்த ஆளு கேமராவ விட்டு எந்திரிச்சு வந்தான் மேடம். 'கைய முந்தானைக்குள்ள வைங்கம்மா, படத்துல அசிங்கமா விழும்'னான். அம்மாவும் உள்ள வச்சுக்கிச்சு. அந்த ஒரு படந்தான் எங்க வீட்டுல இருக்கு. கையே இல்லாம ஒக்காந்திருக்கும்."

எனக்குப் புரியவில்லை. கையில் என்ன என்று கேட்டேன்.

"கறை. கொழுந்துக் கறை. பச்ச இலதான, பச்சையா ஒட்டும்னு நெனைக்கிறீங்களா? கறுப்பா ஒட்டும். வெரலு நுனி, நகக்கண்ணு எல்லாம். சவுக்காரம் போட்டாலும் போகாது. பெரட்டுக்கு, மலையில வேலைக்குப் போகாத நாள்லயும் கை அப்படியேதான் இருக்கும். சாகுற வரைக்கும் இருக்கும்."

டானின் என்று நான் சொன்னேன். இலையில் இருக்கும் பொருள், காற்றுப் பட்டதும் கறுக்கும் என்று விளக்கினேன்.

"பேரு எனக்குத் தெரியாது. கறைதான் தெரியும்" என்றீர்கள். டப்பாவை மூடியபடி, "பச்சை போடுறதா இருந்தா, அதுக்குக் கீழ அந்தக் கறையும் ஒரு வெரலு அகலத்துக்கு வரணும். அப்பத்தான் அந்தப் பச்சை உண்மை" என்றீர்கள்.

நிறத்துக்கு அர்த்தம் இல்லை என்று சொல்லி வந்தவள் நான். முதலில் காரணம், பிறகு நிறம்: அந்த வரிசையில் ஒரு கோரிக்கை என் மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த நிறத்தை உண்டாக்க நீங்கள் பட்ட பாடு நினைவிருக்கிறது. கத்தார் கொடியில் மீந்த துண்டைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தீர்கள். சிவப்பு அதிகம் என்று தள்ளினீர்கள். நிற அட்டையில் பழுப்பு வரிசையை முழுக்கக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினீர்கள். கடைசியில் பேண்ட்ரியில் தேயிலையைக் கொதிக்க வைத்து, கொடியின் கம்புப் பக்கத்தில் தைக்கும் பருத்திப் பட்டையில் ஒரு துண்டு வெட்டி அதில் போட்டீர்கள். இளம்பழுப்பாக வந்தது. "ஆணி ஒண்ணு போட்டா கறுக்கும்" என்று துருப்பிடித்த ஆணி ஒன்றையும் போட்டீர்கள். இரும்பும் டானினும் சேர்ந்தால் கறுக்கும் என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்தவள். நீங்கள் எங்கே கற்றீர்கள் என்று கேட்கவில்லை. அச்சு பாய் கோப்பையோடு வந்து, "அக்கா, ஆஜ் சாய் பஹுத் காலா" என்று, டீ ரொம்பக் கறுப்பாக இருப்பதை வியந்து, ஊற்றப் போனதையும், "குடிக்காதீங்க பாய், இது எங்க நகரசபை" என்று நீங்கள் தடுத்ததையும் சொல்லி நாம் ஒரு வாரம் சிரித்தோம்.

கறுப்பும் பழுப்பும் அல்லாத ஒரு நிறம் வந்தது. மாதிரிக் கொடியில் பச்சையின் கீழ் ஓரத்தில் அதை வைத்து, ஆள்காட்டி விரலை நெடுகிலும் படுக்க வைத்து அளந்து தைத்தீர்கள். ஸ்கேல் இருக்கிறதே என்றேன். "இது ஸ்கேலுக்கு வராது மேடம்."

இரண்டு வரைபடம் அனுப்புவதாக உங்களிடம் சொன்னேன். ஒன்று பட்டையோடு, ஒன்று பட்டை இல்லாமல். சபையே முடிவு செய்யட்டும் என்றேன். நீங்கள் அன்றே லீவுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். கொடியேற்றும் விழாவுக்குப் போய், அம்மாவை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். அம்மா கையை மடியில் வெளியே வைத்திருக்க, மகளைக்கொண்டு ஒரு படம் எடுக்க வேண்டும். இதைச் சொன்னபோது உங்கள் முகம் இருந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மாதிரிக் கொடியைப் பட்டறையின் பின்முற்றத்துக் கம்பத்தில் ஏற்றி, வாசல் கேட் வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். எந்தக் கொடிக்கும் அப்படிச் செய்வது என் வழக்கம். அவ்வளவு தூரத்தில் உங்கள் பட்டை பட்டையாகத் தெரியவில்லை. பச்சையின் ஓரத்தில் அழுக்குப் படிந்தது போல இருந்தது. வடிவமைப்பாளர் என்ற முறையில் என் முடிவு தவறில்லை. இன்றும் அதையேதான் சொல்வேன். இன்னும் அகலமாக வைத்திருக்கலாம், இடம் மாற்றியிருக்கலாம், உங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம். எனக்கு அவசரம். ஐந்தாவது நிறம் என்றால் அச்சில் அதற்கென்று இன்னொரு சட்டகம் செய்ய வேண்டும். செயலாளர் நாளுக்கு இரண்டு முறை போன் செய்துகொண்டிருந்தார். ஒரே ஒரு வரைபடத்தை அனுப்பினேன். பட்டை இல்லாததை. இரண்டே நாளில் ஒப்புதல் வந்தது.

அடுத்து நான் செய்தது நம் பட்டறையில் தினமும் நடப்பதுதான். எதை மாற்றினாலும், எது பிடிக்காமல் போனாலும், தையல் பகுதிக்கும் அச்சுப் பகுதிக்கும் போய்ச் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: கஸ்டமர் வேண்டாம்னுட்டார். யாரும் யாரோடும் சண்டை போட வேண்டாம். கஸ்டமர் அங்கே இல்லை, அவருக்கு வலிக்காது. நீங்களும் உங்கள் பெண்களிடம் அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் வந்து சொன்னேன்.

"அக்கா, அந்தப் பட்டை வேண்டாம்னுட்டாங்க."

"யாரு? அந்தப் போன் கடைக்காரரா?"

இங்கே நான் பொய்யை நிறுத்தியிருக்கலாம். செயலாளர் என்று சொன்னால் நீங்கள் அவருக்குப் போன் செய்து சண்டை போடுவீர்கள் என்று தெரியும். அதனால் இன்னும் பெரிய இடமாகப் பார்த்துச் சொன்னேன்.

"இல்ல. நகரசபை."

நீங்கள் கையிலிருந்த கத்தரியை மேசையில் வைத்தீர்கள். "ஏதாச்சும் காரணம் சொன்னாங்களா?"

"அழுக்கு மாதிரி இருக்காம்."

என் வாயிலிருந்த வார்த்தையை அவர்கள் வாயில் வைத்தேன். நீங்கள் "சரி" என்றீர்கள். மாதிரியிலிருந்து பட்டையைப் பிரித்தெடுக்க உங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நல்ல தையல்காரர் தைத்ததைப் பிரிப்பது கஷ்டம் என்பார்கள். தைத்தவரே பிரித்தால் அப்படி இல்லை போலும்.

இரண்டு நாள் கழித்து நீங்கள் லீவுத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டதை மேனேஜர்தான் சொன்னார். கேட்டேன்.

"எதுக்கு மேடம்? அங்க போயி அம்மாவ ஒக்கார வச்சு, அண்ணாந்து பாரும்மான்னு எதக் காட்டுறது? போட்டோக்காரன் ஒரு ஆளுதான் அப்படின்னு நெனச்சேன். ஊரே அப்படித்தான்."

அப்போது சொல்லியிருக்கலாம். விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஊர் இல்லை, நான்தான் என்று ஒரு வரி. நீங்கள் கோபப்பட்டிருப்பீர்கள், ஒரு மாதம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். லீவுத் தாளை மறுபடி கொடுத்திருப்பீர்கள். நான் சொன்னது என்ன தெரியுமா? "அடுத்த தடவை போகலாம் அக்கா." உங்கள் கோபம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கொடி என்பது ஒரு துணி என்று நினைத்தேன்.

நவம்பரில் உங்கள் அம்மா போய்விட்டார். தேசிய தின வேலை உச்சத்தில் இருந்த வாரம். கட்டடம் ஒன்றின் முகப்பை மூடும் அளவுக்குப் பெரிய கொடி தரை முழுக்க விரிந்து கிடந்தது. எட்டுப் பேரும் அதன் நான்கு ஓரங்களில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தீர்கள். போன் வந்தது. பேசி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புத் துணிமேலேயே உட்கார்ந்திருந்தீர்கள். டிக்கெட் கிடைத்து நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. திரும்பி வந்து என்னிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம்: "கைய வெளிய வச்சுத்தான் படுக்க வச்சாங்களாம் மேடம். மக சொன்னா."

அதன் பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. முன்பு சொல்லியிருந்தால் அது ஒரு பொய்யை ஒப்புக்கொள்வது. இப்போது சொன்னால் உங்கள் அம்மாவை நீங்கள் கடைசியாகப் பார்த்திருக்கக்கூடிய வாய்ப்பை நான்தான் எடுத்துக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்வது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான்கே மாதம்தான் என்பதை நம்ப முடியவில்லை. பிறகு ஆறு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். உங்களுக்கு உடம்பு முடியாமல் போய், விசாவை முடித்துக்கொண்டு கிளம்பியபோது விமான நிலையத்துக்கு வந்தேன். சக்கர நாற்காலியில் இருந்தீர்கள். "மேடம், நீங்க ஒருத்தர்தான் அன்னிக்கு எனக்காக ரெண்டு படம் போட்டு அனுப்பினீங்க. மறக்க மாட்டேன்" என்றீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். எட்டு மாதத்தில் உங்கள் மகளிடமிருந்து செய்தி வந்தது.

இப்போது அவளுடைய கேள்வி.

முதலில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "பழைய விஷயம்மா, சரியாக நினைவில்லை" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். வாரக் கடைசியில், வேலை பார்க்கும் ருவைஸிலிருந்து கணவர் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதான் கஸ்டமர் மேல போட்டாச்சே, இப்ப எதுக்குக் கிளறுற? அந்தம்மா வந்து கேக்கப் போறாங்களா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நான் ஆறு வருடம் எனக்குச் சொல்லிக்கொண்டதைத்தான் அவர் உரக்கச் சொன்னார். வெளியிலிருந்து கேட்டபோது அது எப்படி இருக்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் உங்கள் மகள் போன் செய்தாள். குரல் உங்களுடையதுதான், 'ஆன்ட்டி' என்கிற இடத்தில் மட்டும் வேறாள்.

"நினைவில்லன்னு போட்டிருந்தீங்க. பரவால்ல ஆன்ட்டி. நான் எதுக்குக் கேட்டேன்னா, இந்த வேலை கெடச்சப்ப அம்மா சந்தோஷமே படல. ஒருநாளும் ஆபீஸ் பக்கம் வரல. சாப்பாடு குடுத்து விடுறதா இருந்தாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டோவுலயே இருப்பாங்க. கேட் மேல கொடி இருக்கில்ல, அதுக்குக் கீழ வர மாட்டேன்னாங்க. நான் தினமும் அதுக்குக் கீழதான் போறேன். யார் வேணாம்னதுன்னு தெரிஞ்சா, அந்த ஆள் இன்னும் சபையில இருக்காரான்னு பாத்துக்குவேன். அவ்வளவுதான்."

"சபையில இல்லம்மா" என்றேன். "நான்தான்."

யாரோ அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டது கேட்டது. அவள் போனை வைக்கவில்லை. நான் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். என் காரணங்களைச் சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்திக்கொண்டேன்.

"அழுக்குன்னு சொன்னதும் நீங்கதானா ஆன்ட்டி?"

"நான்தான்."

"அம்மம்மாவோட கடைசி வருசம் அது. தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை, கோப்பைப் பார்த்து வாசிக்கிற மாதிரி இருந்தது.

"புதுக் கொடிக்கு ஓடர் குடுக்கிறதுக்கு முன்னால, அடுத்த மாசக் கூட்டத்துல நிறம் பத்தின விசயம் வருது. நீங்க எழுதிக் குடுங்க. பட்டை எப்படி இருந்துச்சு, ஏன் வச்சாங்க, யார் எடுத்தது, எல்லாம். அம்மா பேர்ல வேணாம். என் பேர்லயும் வேணாம். ஒங்க பேர்ல குடுங்க. நான் மேசையில வைக்கிறேன்."

போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாளாக எழுதினேன். இருபது வருடத்தில் எத்தனையோ விளக்கத் தாள்கள் எழுதியவள் நான்; ஒன்றுக்கு அரை மணி நேரம் போதும். நீலம், வெள்ளை, மஞ்சள், பச்சை என்ற நான்கு வரிகளை அப்படியே விட்டேன். ஐந்தாவதாக, 'உழைப்பு' என்று எழுதி அடித்தேன். 'உழைக்கும் கரங்கள்' என்று எழுதி அதையும் அடித்தேன். அவை நல்ல குடும்பத்துச் சொற்கள். கடைசியில் இப்படி நின்றது: கறை நிறம், கொழுந்து பறித்தவர்களின் விரலில் இருப்பது. அகலத்தை இரண்டு மடங்காக்கி, தூரத்திலிருந்து பார்த்தாலும் பட்டை என்று தெரியும்படி வரைந்தேன். அதையும் உங்களிடம் கேட்காமல்தான் செய்தேன். கீழே நடந்ததை எழுதினேன். முன்பு ஒரு வரைபடம் மட்டுமே சபைக்கு வந்தது, மற்றதை நிறுத்தியவள் நான், சபையின் பெயரால் மறுப்புச் சொன்னவளும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் தைத்த மாதிரித் துண்டை இணைக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது என்னிடம் இல்லை. அன்றே குப்பையோடு போயிருக்கும்.

தாள் போய்ச் சேர்ந்துவிட்டது. அனுப்பிய செய்திக்கு அவள் 'கிடைத்தது' என்று மட்டும் பதில் போட்டாள். 'ஆன்ட்டி' இல்லை.

கூட்டம் நடக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வேண்டாம் என்று அவர்கள் சொல்லலாம். ஐந்து நிறம் அதிகம், பழகிய கொடியை எதற்கு மாற்றுவது, இப்போது எதற்கு இதெல்லாம் என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்ல வாய்ப்பு நிறைய. அப்படிச் சொன்னால், உங்களிடம் நான் சொன்னது பல வருடம் கழித்தாவது உண்மையாகும். வெட்கமாக இருக்கிறது அக்கா, ஆனால் அந்தப் பதில் வந்தால் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் இருக்கும்.

நான் பயப்படுவது மற்றப் பதிலுக்கு. செயலாளர் போன்றவர்களை வைத்து உங்கள் ஊரை நான் எடை போட்டிருந்தேன். அங்கே மேசையைச் சுற்றி உட்காரப் போகிறவர்களில் எத்தனை பேரின் அம்மாக்கள் கொழுந்து பறித்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாளை வாசித்துவிட்டு, அவர்கள் ஒரு பேச்சும் இல்லாமல், வைக்கலாம் என்று சொல்லிவிடக்கூடும். சொன்னால், அன்றைக்கு நான் அனுப்பியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.